கேட்பவருக்கு ஒரு பாட்டு, கற்பவருக்கு ஒரு பாட்டு

ஒரு பாட்டை ஒலிநாடாவிலிருந்து கணினிக்கும், கணினிக்குள் ஒரு கோப்பு வகையிலிருந்து மற்றொன்றுக்கும் மாற்றிய பிறகு மிஞ்சுவது அதே பாட்டுத்தானா? மென்பொருளைப் பற்றியதாகத் தோன்றும் இந்தக் கேள்வி இந்தியத் தத்துவ மரபில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிடப்பட்டு வந்தது. ஒலி பிறந்து அழிவதா, என்றும் உள்ளதா. ஒரே சொல்லைப் பத்துப் பேர் சொன்னால் அது ஒரு சொல்லா, பத்துச் சொற்களா. காதில் விழும் ஓசைக்கும் மனத்தில் விளங்கும் பொருளுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று மீமாம்சகரும் நையாயிகரும் இலக்கணியரும் சைவ ஆசிரியரும் நூல் நூலாக எழுதினர். கோடெக் என்னும் சிறு நிரல் அந்த வாதத்தை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஒலியில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கைவிடலாம் என்று அது விநாடிக்குப் பலமுறை முடிவெடுக்கிறது. பக்திப் பாட்டுக்கு அந்த முடிவு பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இந்தக் கேள்வி கூர்மையாக எழும் இடங்களில் ஒன்று தென்திருவிதாங்கூரின் எல்லைப் பகுதி. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. பனச்சமூடு, வெள்ளறடை, பாறசாலை, களியக்காவிளை என்று நீளும் எல்லை ஊர்களில் நிலம் பிரிந்தது, பாட்டு பிரியவில்லை. வில்லுப்பாட்டு இரு பக்கமும் உண்டு, கேரளப் பக்கத்தில் அதை வில்லடிச்சான் பாட்டு என்பார்கள். திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் பொருது மாண்ட தளபதியைப் பாடும் 'இரவிக்குட்டிப் பிள்ளைப் போர்' முதலிய தெக்கன் பாட்டுகள், தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத மொழியில் உள்ளன. நாராயண குரு 1888இல் நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாக நிறுவிய அருவிப்புரம் நெய்யாற்றின்கரையை அடுத்தது. அவர் 1914இல் இயற்றிய 'தெய்வதசகம்' அந்திவிளக்கின் முன் பல வீடுகளில் பாடப்படுகிறது. லண்டன் மிஷன் வழிவந்த சபைகளில் தமிழ்க் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை வழியாக எல்லை கடந்து, நெய்யாற்றின்கரையில் தங்கி, திருவனந்தபுரம் செல்கின்றனர். அங்கே நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் முன் கச்சேரி நடக்கிறது. அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெண், 2006இல் பாடிய பாறசாலை பி. பொன்னம்மாள், 1924இல் பாறசாலையில் பிறந்தவர்.

இவ்வளவு பாட்டும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கேசட்டிலும் சிடியிலும் கைப்பேசியிலும் பதிவாகியிருக்கிறது. கொடை விழாவில் விடிய விடியப் பாடிய வில்லுப்பாட்டு, சபைப் பாடகர் குழு பாடிய கீர்த்தனை, பாட்டி பாடிய தாலாட்டு எல்லாம் இப்போது நாடாவின் காந்தப்பூச்சு உதிருமுன் கோப்பாக மாற்றப்பட வேண்டிய நிலையில் இருக்கின்றன. மாற்றுபவர் முதலில் எதிர்கொள்வது கோடெக்கை.

கோடெக் என்பது ஒலியை எண்களாகச் சுருக்கி எழுதும் குறியாக்கியும், அந்த எண்களிலிருந்து ஒலியை மீட்கும் குறிவிலக்கியும் சேர்ந்த இணை. சுருக்காத எண்ணொலியில், சிடியின் அளவுப்படி, விநாடிக்கு 44,100 முறை காற்றழுத்தம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடம், வலம் என இரு தடங்கள். மனிதக் காதின் மேல் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் அதைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேலான எண்ணிக்கை தேர்ந்தெடுக்கப்பட்டது. இப்படிப் பதிந்தால் ஆறு மணி நேர வில்லுப்பாட்டு ஏறத்தாழ 3.8 ஜிகாபைட் ஆகும். அதையே 128 கிலோபிட் எம்.பி.3 ஆக்கினால் 350 மெகாபைட்டுக்குள் அடங்கும். பதினொன்றில் பத்துப் பங்கு போய்விடுகிறது. ஆனாலும் பெரும்பாலான காதுகளுக்குப் பெரிய வேறுபாடு தெரிவதில்லை.

இது எப்படி முடிகிறது என்பதில்தான் தத்துவம் தொடங்குகிறது. ஃபிளாக் போன்ற இழப்பில்லாத கோடெக், எண்களில் உள்ள ஒழுங்கைக் கண்டு சுருக்கி எழுதுகிறது. விரித்தால் ஒரு பிட்டும் மாறாமல் முழுதும் திரும்ப வரும். எம்.பி.3 அப்படிச் செய்வதில்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கி 1993இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த அந்த முறை, மனிதக் காதின் பலவீனத்தைக் கணக்கிடுகிறது. உரத்த ஒலிக்குப் பக்கத்து அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது. உரத்த ஒலிக்குச் சற்று முன்பும் பின்பும் வரும் மெல்லொலியும் மறைந்துபோகும். இப்படி மறைபவற்றைச் சரியாக எழுதத் தேவையில்லை என்று முடிவுசெய்து, அவற்றைத் தோராயமாக எழுதுகிறது அல்லது விட்டுவிடுகிறது. எம்.பி.3 கோப்பில் இருப்பது ஒலியின் பதிவு என்பதைவிட, ஒரு சராசரிக் காது எதைக் கேட்டிருக்கும் என்பதற்கான மதிப்பீடு என்று சொல்வதே சரி.

ஒலியில் எதை அளப்பது, எதை விடுவது என்ற தேர்வைத் தமிழில் முதலில் வெளிப்படையாகச் செய்தவர் தொல்காப்பியர். பிறப்பியலின் முடிவில், உடலுக்குள் எழும் காற்றின் அளவு அந்தணர் மறையில் சொல்லப்படுவது என்று ஒதுக்கிவிட்டு, வெளியே வந்து பொருள் தரும் ஒலியின் அளவை மட்டுமே தாம் சொல்வதாக வரம்பு கட்டுகிறார். அதற்கும் முன்பே நூன்மரபில், பாட்டில் எழுத்துகள் தம் மாத்திரை கடந்து நீள்வதும் மெய்கள் நீண்டு ஒலிப்பதும் உண்டு, அது யாழ் நூலின் பொருள் என்று விலக்கிவைக்கிறார். பேச்சுக்குப் போதுமான அளவுகோல் இசைக்குப் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். அளவுகோலின் எல்லையை நூலுக்குள்ளேயே எழுதியும் வைத்தார். இன்றைய கோடெக்குகளில் இந்த நேர்மை எளிதில் கண்ணில் படுவதில்லை.

அதன் விளைவைப் பழைய கைப்பேசிப் பதிவுகளில் கேட்கலாம். 1999இல் தரமாக ஏற்கப்பட்ட ஏ.எம்.ஆர். என்ற கோடெக் தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. விநாடிக்கு 8,000 அளவுகள்தான். 3,400 ஹெர்ட்சுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் இல்லை. அது ஒலியை ஒரு மனிதத் தொண்டையிலிருந்து வருவதாகவே கருதிக் கணிக்கிறது. கொடை விழாவில் ஒருவர் தன் கைப்பேசியில் பதிந்த வில்லுப்பாட்டில் கதை சொல்லும் குரல் தெளிவாக இருக்கும். வில்லில் கட்டிய மணிகளும் உடுக்கையும் குடமும் தாளமும் கரகரத்த இரைச்சலாகிவிடும். தொண்டையல்லாத எதையும் அந்தக் கோடெக் எதிர்பார்க்கவில்லை. பேச்சிலக்கணத்தை வைத்து யாழை அளந்ததன் விளைவு இது.

இனி கோடெக்கைக் கணினியில் நிறுவுதல். ஒலித்தொகுப்பு மென்பொருளை நிறுவினால் மட்டும் எம்.பி.3 கோப்பு கிடைக்காத நிலை பல ஆண்டுகள் இருந்தது. அந்த முறைமீது காப்புரிமைகள் இருந்ததால், அடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் எம்.பி.3 குறியாக்கியைத் தம்மோடு சேர்த்துத் தரவில்லை. 1998இல் தொடங்கிய லேம் என்ற குறியாக்கியைப் பயனரே தனியாக இறக்கி, அது இருக்கும் இடத்தை மென்பொருளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஊர்ச்சொத்தான ஒரு பாட்டைக் கோப்பாக்கும் வழி உரிமக்காரர் கையில் இருந்த காலம் அது. ஃபிரான்ஹோஃபர் தன் எம்.பி.3 உரிமத் திட்டத்தை 2017இல் முடித்துக்கொண்டது. 2019இல் வந்த அடாசிட்டி 2.3.2 பதிப்பு முதல் லேம் உள்ளேயே சேர்ந்தது. எம்.4ஏ, டபிள்யூ.எம்.ஏ., ஏ.எம்.ஆர். கோப்புகளைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற நூலகம் அதன்பின்னும் தனியே தேவைப்பட்டது. அங்கே அடிக்கடி நேரும் தடை எளியது: 64 பிட் மென்பொருளுக்கு 32 பிட் நூலகத்தைக் காட்டினால் ஏற்காது, மென்பொருளின் பதிப்பும் நூலகத்தின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். நூலகத்தை நிறுவிய பிறகு மென்பொருளை மூடித் திறக்காவிட்டால் அது கண்டுகொள்ளப்படாமல் போவதும் உண்டு.

கோப்பின் பெயர்வால் உள்ளிருப்பதைச் சொல்லாது என்பது அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. எம்.4ஏ என்பது ஒரு கலம். அதற்குள் இழப்புள்ள ஏ.ஏ.சி. இருக்கலாம், இழப்பில்லாத ஆப்பிள் கோடெக்கும் இருக்கலாம். பதிவின் பெயரில் ஏ.எம்.ஆர். என்றிருப்பதை எம்.பி.3 என்று திருத்தினால் கோப்பு மாறுவதில்லை, குழப்பம்தான் மிஞ்சும். கோப்பின் உள்ளமைப்பைப் படித்துச் சொல்லும் கருவியால் உண்மை வகையை முதலில் அறிய வேண்டும். கோப்பு ஓடவில்லை என்றதும் முகம் தெரியாத இடங்களிலிருந்து கோடெக் மூட்டைகளை இறக்கி நிறுவுவது பெரும் தவறு. ஒரே வேலைக்குப் பல குறிவிலக்கிகள் கணினியில் சேர்ந்து ஒன்றையொன்று மறிக்கும். தீநிரல் நுழையவும் வழி திறக்கும். தன் குறிவிலக்கிகளைத் தன்னோடே கொண்டுவரும் விஎல்சி போன்ற ஓட்டியில் கோப்பு ஓடினால், கோப்பில் குறையில்லை, மாற்றும் மென்பொருளுக்குத் திறவுகோல் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சோதனை ஒரு பெரிய உண்மையைத் தொடுகிறது. கோப்பில் ஒலி இல்லை. எண்கள் இருக்கின்றன, அவற்றை எந்த ஒப்பந்தப்படி விரிக்க வேண்டும் என்ற அறிவு கோப்புக்கு வெளியே இருக்கிறது. அந்த அறிவு தொலைந்தால் கோப்பு முழுதாக இருந்தும் பாட்டு இல்லை. தேவாரத்தின் வரலாறு இதற்கு மிகப் பெரிய சான்று. திருமுறைகண்ட புராணம் சொல்லும் மரபுப்படி, நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளைத் திறந்தபோது பலவற்றைக் கரையான் அரித்திருந்தது, எஞ்சியவை எடுக்கப்பட்டன. ஆனால் ஏட்டில் சொல் இருந்ததே ஒழிய அதைப் பாடும் பண் இல்லை. எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வழிவந்த ஒரு பெண்ணிடமிருந்தே பண்முறை பெறப்பட்டது. ஏடு கிடைத்தும் பாட்டு கிடைக்காத அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு மனிதக் குரலின் நினைவு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி நெல் வழங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவர் இடத்தில் யார் பாட வேண்டும் என்பதையும் அது வகுத்துவிடுகிறது. எழுத்தைக் காப்பதோடு அதை ஒலியாக்கும் ஆட்களின் தொடர்ச்சியையும் காக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. கோடெக் காலத்தில் இதற்கு இணையான செயல், விளக்கக்குறிப்பு முழுதும் வெளியிடப்பட்ட, யார் வேண்டுமானாலும் குறிவிலக்கி எழுதிக்கொள்ளக்கூடிய முறைகளில் பதிவைக் காப்பது. 2001இல் வந்த ஃபிளாக்கும் 2012இல் தரமாக ஏற்கப்பட்ட ஓபஸும் அத்தகையவை.

நிறுவி முடிந்த பின் வரும் பிழைகளில் மிகவும் சிந்திக்க வைப்பது மாதிரி வீதப் பிழை. விநாடிக்கு 48,000 அளவாகப் பதிந்த கோப்பை 44,100 என்று தவறாகக் கொண்டு ஓட்டினால் பாட்டு எட்டு விழுக்காடு மெதுவாகும். ஒரு மணி நேரப் பாட்டு 65 நிமிடம் ஓடும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ஐந்தரைக் கட்டையில் பாடிய பெண்குரல் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் போய் நிற்கும், குரலும் சற்றே தடித்து முதுமை கூடியதாகக் கேட்கும். ஆனால் ராகம் மாறாது. சுரங்களுக்கிடையிலான விகிதம் அப்படியே இருப்பதால் தோடி தோடியாகவே கேட்கும். வேகம் குறைந்த கேசட் ஓட்டியும் இதையேதான் செய்தது. இப்படி மாறிய பாட்டை எல்லாரும் இன்ன பாட்டு, இன்னார் பாடியது என்று அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அப்படியானால் அடையாளம் எதில் இருக்கிறது?

மீமாம்சகரின் விடை உறுதியானது. ஜைமினி சூத்திரத்துக்கு உரை எழுதிய சபரர், ஒரு சொல் எட்டு முறை சொல்லப்பட்டது என்றுதான் உலகம் பேசுகிறது, எட்டுச் சொற்கள் சொல்லப்பட்டன என்று பேசுவதில்லை என்று காட்டுகிறார். மீண்டும் கேட்கும்போது இது அதே சொல் என்ற அறிவு தானே எழுகிறது. ஆகவே சொல் என்றும் உள்ளது. வாயசைவும் காற்றும் அதை வெளிப்படுத்துகின்றன, உண்டாக்குவதில்லை. நையாயிகர் இதை மறுத்தனர். ஒலி வானத்தின் குணம். அது தோன்றி, அலைக்கு அலை பிறந்து, அல்லது கடம்பின் அரும்பு எல்லாத் திக்கிலும் வெடிப்பதுபோல் பரவி, அழிந்துவிடுகிறது. அதே விளக்கு எரிகிறது என்று தோன்றினாலும் சுடர் கணந்தோறும் புதிது. அதே சொல் என்பதும் ஒப்புமையால் வரும் மயக்கமே என்பது அவர்கள் வாதம்.

எண்ணொலி இரண்டு கட்சிக்கும் புதிய சான்று தருகிறது. ஃபிளாக் கோப்பு தன் தலைப்பகுதியில் மூல ஒலியின் எம்.டி.5 முத்திரையைச் சுமக்கிறது. விரித்தபின் கணக்கிட்டு, ஒரு பிட்டும் மாறவில்லை என்று காட்டலாம். இது பொருளின் அளவிலான ஒருமை. யாரும் கேட்காமலே மெய்ப்பிக்கக்கூடியது. எம்.பி.3 கோப்பின் ஒருமை அத்தகையதன்று. பிட்டளவில் அது மூலத்தோடு எங்கும் ஒத்துப்போவதில்லை. கேட்பவர் இது அதே பாட்டு என்று அறிவதால் மட்டுமே ஒருமை உண்டாகிறது. சபரர் சொன்ன மீளறிதலையே அந்த முறை முழுதும் நம்பி நிற்கிறது. அந்த அறிதல் ஒப்புமையால் வந்த மயக்கம் என்ற நையாயிகர் கூற்றும், கோப்பைப் பொறுத்தவரை, சொல்லுக்குச் சொல் உண்மை.

இவ்விரண்டையும் விட நுட்பமான கருவியைத் தந்தவர் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பர்த்ருஹரி. வாக்கியபதீயத்தில் அவர் ஒலியை இரண்டாகப் பிரிக்கிறார். பிராகிருத த்வனி, சொல்லை இன்ன சொல் என்று காட்டும் அடிப்படை ஒலி. எழுத்தின் குறில் நெடில் அளவு அதில் அடங்கும். வைகிருத த்வனி, விரைந்து சொல்வது, நிதானமாகச் சொல்வது முதலிய வேறுபாடுகளைத் தருவது. இரண்டாவது மாறினாலும் உள்ளே விளங்கும் சொல்லாகிய ஸ்போடம் மாறுவதில்லை. மாதிரி வீதப் பிழையில் ராகம் பிழைத்ததை இது நன்றாக விளக்குகிறது. இழப்புள்ள ஒவ்வொரு கோடெக்கும் அறிந்தோ அறியாமலோ இப்படி ஒரு கோட்டைக் கிழித்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக் காத்து மறுபக்கத்தைச் சுருக்குகிறது. பர்த்ருஹரி அந்தக் கோட்டைப் பேச்சு மொழியை ஆராய்ந்து கிழித்தார். கோடெக் செய்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் கேட்போரை உட்காரவைத்துக் கிழித்தார்கள். எம்.பி.3 முறையைச் சீராக்க பிராண்டன்பர்க் பயன்படுத்திய பதிவுகளில் புகழ்பெற்றது, துணையிசை இல்லாத ஓர் அமெரிக்கப் பாடகியின் தனிக்குரல். வில்லின் மணியோசையைக் காதில் வாங்கிக்கொண்டு அந்த முறை செதுக்கப்படவில்லை.

அந்த மணியோசையில் எம்.பி.3 இடறுவதற்குத் திட்டமான காரணம் உண்டு. அது ஒலியை 1,152 அளவுகள் கொண்ட சட்டங்களாக, அதாவது சிடி வீதத்தில் ஏறத்தாழ 26 மில்லிவிநாடித் துண்டுகளாகக் கையாள்கிறது. துண்டின் நடுவில் வீசுகோல் வில்லின் நாணில் விழுந்தால், தோராயமாக எழுதியதால் வந்த பிழை துண்டு முழுதும் பரவுகிறது. அடி விழுவதற்கு முன்பே மெல்லிய சிதறல் கேட்கிறது. காது சில மில்லிவிநாடிகளை மட்டுமே மன்னிக்கும். இதைத் தவிர்க்கக் குறுந்துண்டு முறை உண்டு. குறைந்த பிட் வீதத்தில் அது முழுப்பயன் தருவதில்லை. குடமும் தாளமும் மணியும் அடுக்கி விழும் வில்லுப்பாட்டில் 128 கிலோபிட் கோப்பு மங்கிக் கேட்பது இதனால்தான். தம்புராவின் மேல்தொனிகளும் உயர் அதிர்வெண் வெட்டப்படுவதால் சோர்கின்றன. எம்.பி.3இலிருந்து மீண்டும் எம்.பி.3, அதிலிருந்து ஏ.ஏ.சி. என்று மாற்றிக்கொண்டே போனால் பிழைமேல் பிழை ஏறும். எம்.பி.3ஐ ஃபிளாக் ஆக்குவதால் போனது திரும்பாது. குறை மட்டும் பெரிய கோப்பில் பத்திரமாக இருக்கும்.

எதைக் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு எல்லாப் பாட்டுக்கும் ஒரே விடை இல்லை. தெய்வதசகத்தைப் பல மெட்டில் பாடுகிறார்கள். அதன் உயிர் பத்துப் பாடல்களின் சொல்லில் இருக்கிறது. சொல் விளங்கினால் பிரார்த்தனை நிறைவு. தேவாரத்துக்குச் சொல்லும் பண்ணும் சேர்ந்தாலே வடிவம். வில்லுப்பாட்டில் சொல்லே இரவுக்கிரவு மாறும். முன்னின்று கதை பாடும் அண்ணாவி கூட்டத்தைப் பார்த்து நீட்டுவார், குறுக்குவார், பின்பாட்டுக்காரர் ஏற்று இசைப்பார். 1988இல் வெளிவந்த தம் நூலில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் காட்டியதுபோல், கன்னியாகுமரி வட்டார வில்லுப்பாட்டில் கதையும் சடங்கும் சாமியாட்டமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. கதை உச்சத்தை எட்டும்போது தெய்வம் இறங்குகிறது. அங்கே பாட்டின் அடையாளம் சொல்லிலோ சுரத்திலோ மட்டும் இல்லை. இன்ன கோயிலில், இன்ன இரவில், இன்ன சாமிக்கு முன் பாடியது என்பதும் அதில் சேரும்.

இங்கிருந்து சடங்கின் பயன் பற்றிய கேள்வி எழுகிறது. பதிவு செய்த வேண்டல் வேண்டலாகுமா? சமயங்கள் இதில் வியக்கத்தக்க அளவு ஒத்த திசையில் நிற்கின்றன. ஒலிப்பெருக்கியில் நேரடியாகச் சொல்லும் பாங்கை ஏற்கும் இஸ்லாமிய அறிஞர் பலர், பதிவை ஓடவிடுவது பாங்காகாது என்கின்றனர். சிரம்பணிய வேண்டிய வசனத்தை எதிரொலியிலோ பறவை வாயிலோ கேட்டால் சிரம்பணிவது கடமையாகாது என்று ஹனஃபி சட்டநூல்கள் ஒலிப்பதிவு பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே முடிவு சொல்லியிருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1958ஆம் ஆண்டு இசைக் கட்டளை, வழிபாட்டில் கிராமபோன் முதலிய தானியங்கிக் கருவிகளைத் தடுத்தது. பின்னர் திருத்தந்தையின் உர்பி எத் ஓர்பி ஆசீரைத் தொலைக்காட்சி, வானொலி வழியாகப் பெறுவோருக்கும் அதன் பலன் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. நேரலையில் சேர்ந்திருப்பதே அதற்கு அடிப்படை. தூரம் தடையாகவில்லை, பதிவே தடையாகிறது. சொல்பவரின் எண்ணம் அந்தக் கணத்தில் உயிரோடு இருக்க வேண்டும் என்பது இம்முடிவுகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் நியாயம். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்று வாக்கை நான்கு படிகளாகச் சொல்லும் சைவ சித்தாந்தத்தில் வைத்துப் பார்த்தாலும், ஒலிவாங்கிக்குக் கிடைப்பது வைகரி ஒன்றே. மற்ற மூன்றும் பாடுபவருக்குள் நிகழ்பவை.

இதனால் பதிவு பயனற்றது என்று ஆகிவிடாது. பதிவைக் கேட்டு மனம் கசிவது மெய்யான கசிவு. அது கேட்பவரின் வைகரியைத் தாண்டி உள்ளே போகத்தான் செய்கிறது. சடங்கைச் செய்யும் தகுதி பதிவுக்கு இல்லை, நினைவூட்டும் தகுதி உண்டு என்ற வரையறை நியாயமானது. ஆனால் பதிவுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வாதங்களில் அதிகம் பேசப்படாத வேலை அது. வில்லடிக்கும் முதியவர்கள் குறைய, கற்க விரும்பும் இளைஞனுக்குப் பல நேரம் பதிவே ஆசிரியர். அங்கேதான் கோடெக்கின் முடிவு பொருந்தாமல் போகிறது.

கேட்பவருக்காகச் செய்யப்பட்ட முறை, கேட்பவர் கவனிக்காததை நீக்குகிறது. கற்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான். மூச்சு எங்கே எடுக்கப்பட்டது, வீசுகோல் நாணைத் தொட்டபின் எத்தனை மணிகள் எந்த வரிசையில் அடங்கின, பின்பாட்டுக்காரர் அண்ணாவியின் கடைசி அசையை எந்த இடத்தில் பிடித்தார், குடத்தின் வாயில் பாளை மட்டை விழுந்ததா, அதன் ஓரமா என்பதெல்லாம் உரத்த ஒலியின் நிழலில் நடப்பவை. மறைவொலி என்று கணக்குச் சொல்லி முதலில் கைவிடப்படுபவையும் அவையே. பொன்னம்மாளின் பாட்டைக் கைப்பேசியில் கேட்டு நெகிழ்பவருக்கு 128 கிலோபிட் போதும். அவருடைய ஒரு கமகம் எந்தச் சுரத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்று கற்பவருக்குப் போதாது. ஒரே பதிவு இந்த இருவருக்கும் ஒரே பாட்டாக இருப்பதில்லை. ஒருவருக்கு அது அடையாளம் கண்டு மகிழ வேண்டிய பொருள், மற்றவருக்குத் தன் உடலால் திரும்பச் செய்ய வேண்டிய செயல். மாற்றிய பாட்டு அதே பாட்டா என்ற கேள்விக்கு, யாருக்கு என்று கேட்காமல் விடை சொல்ல இயலாது.

இதிலிருந்து நடைமுறை தெளிவாகிறது. நாடாவிலிருந்து எடுக்கும் முதற்பதிவு சுருக்காத எண்ணொலியாகவோ ஃபிளாக்காகவோ இருக்க வேண்டும். 24 பிட்டில் எடுத்தால் மெல்லொலிக்கு இடம் கிடைக்கும். இரைச்சல் நீக்கும் வடிப்பான்களை இந்த முதற்பதிவில் போடக் கூடாது, அவையும் எதையோ தேவையற்றது என்று முடிவுசெய்பவைதான். டால்பி முறையில் பதிந்த கேசட்டை அதே முறையில் விலக்காமல் ஓட்டினால் மேல்தொனி கூர்ந்து கேட்கும் என்பதால் நாடாவின் உறையில் உள்ள குறியைப் பார்த்து ஓட்ட வேண்டும். ஊராருக்குப் பகிர இதிலிருந்து எம்.பி.3 அல்லது ஓபஸ் படிகளை எடுக்கலாம். ஒரு படியிலிருந்து மற்றொரு படி எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஆறு மணி நேரப் பாட்டைத் துண்டுகளாக்கி எம்.பி.3 ஆக்கினால் குறியாக்கி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் சிறு மௌனத்தைச் சேர்க்கும். பாட்டு அந்த இடத்தில் அறுந்தது போலாகும் என்பதால் கதையின் இயல்பான நிறுத்தங்களில் வெட்டுவது நல்லது.

கோப்போடு எழுதிவைக்க வேண்டியவையும் உண்டு. எம்.பி.3இன் பழைய குறிப்புப் பட்டை தலைப்புக்கு 30 பைட் மட்டுமே தந்தது, யூனிகோடை அறியாது. அதில் எழுதிய தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாகிவிடும். இரண்டாம் பதிப்புக் குறிப்புப் பட்டையில் யூனிகோடு உண்டு. பழைய எழுத்துரு முறைகளில் எழுதிய பெயர்களை மாற்றித் திரும்ப எழுத வேண்டும். பாடியவர் பெயர் அவர் இசைவோடு, கோயில் அல்லது சபை, பாடிய மாதம், எந்தச் சாமிக்குரிய எந்தக் கதை, கட்டை சுருதி, ஓட்டியின் வேகம் சரிபார்க்கப்பட்டதா என்பவை அதில் இடம்பெற வேண்டும். மொழிக்கென்று அதில் ஒரு தனிப்புலம் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிக்குறிகளை, பயன்படும் வரிசையில் அடுத்தடுத்து எழுத அதன் விதி இடமளிக்கிறது. பனச்சமூட்டுப் பக்கத்துத் தெக்கன் பாட்டுக்கு அதில் தமிழையும் மலையாளத்தையும் சேர்த்தே எழுதலாம்.